அம்பாசடர் தானுந்தில் தொடக்கக் கோளாறுகளும் மின்கல வடிதலும்

தொடக்கக் கோளாறு என்பது, தானுந்து ஒன்றின் எந்திரம் தொடக்க மின்னோடியால் சுழற்றப்படாமலோ, சுழற்றப்பட்டும் எரியத் தொடங்காமலோ இருக்கும் நிலையாகும். மின்கல வடிதல் என்பது, பேட்டரி எனப் பொதுவாக வழங்கப்படும் மின்கல அடுக்கில் சேமிக்கப்பட்ட மின்னேற்றம், மீண்டும் நிரப்பப்படுவதைவிட விரைவாகக் குறைந்துபோவதாகும். முதலாவது பெரும்பாலும் இரண்டாவதன் விளைவாகக் கருதப்படுகிறது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. கோளாறு மின்கல அடுக்கில் வெளிப்படுகிறது என்பதால் அது மின்கல அடுக்கில்தான் உள்ளது என்று கொள்ள இயலாது. புதிய அடுக்கு வாங்கிப் பொருத்திய சில வாரங்களிலேயே அதே தொல்லை திரும்பி வருவதற்கு இதுவே காரணமாகும்.

இக்கட்டுரை பெட்ரோலில் இயங்கும் பழைய அம்பாசடர் வகை தானுந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்கோளாறுகளை எளிய அளவீடுகளால் படிப்படியாகக் கண்டறியும் முறையை விளக்குகிறது. சமவெளியையும் மலையையும் ஒரே பயணத்தில் இணைக்கும் சேலம் – ஏற்காடு சாலை, இக்கோளாறுகள் பலவற்றைத் தெளிவாக வெளிக்கொணரும் சூழலைக் கொண்டது என்பதால் அதன் தன்மைகளும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பின்னணி

அம்பாசடர், இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தால் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதி முதல் 2014 மே மாதம் வரை தயாரிக்கப்பட்டது. பிரித்தானியாவின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை தானுந்தே இதன் மூலமாகும். இதன் பழைய வகைகளில் 1,489 கன செ.மீ. கொள்ளளவுள்ள பி.எம்.சி. எந்திரம் நீண்டகாலம் பயன்படுத்தப்பட்டது. 1990களில் 1.8 லிட்டர் இசுசூ எந்திரமும் சேர்ந்தது. பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையும் இதே காலத்தைச் சேர்ந்த பிற வண்டிகளாகும். இவற்றின் மின்னமைப்புகள் அடிப்படையில் ஒத்தவை என்பதால், கீழ்க்காணும் முறைகள் சிறு மாற்றங்களுடன் இவற்றுக்கும் பொருந்தும்.

பழைய பிரித்தானிய வண்டிகளின் மின்கருவிகள் பலவற்றை லூகாஸ் நிறுவனம் செய்தளித்தது. அந்நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து 1961 இல் நிறுவிய லூகாஸ்-டிவிஎஸ், சென்னையை அடுத்த பாடியில் டைனமோ, தொடக்க மின்னோடி முதலியவற்றைத் தயாரித்தது. இந்தியச் சாலைகளில் ஓடிய பழைய வண்டிகள் பலவற்றில் இக்கருவிகளைக் காணலாம்.

முதற்பதிவு செய்து 50 ஆண்டுகளுக்கு மேலானவையும் மூலவடிவம் மாறாமல் பேணப்படுபவையுமான வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்வதற்கான விதிகளை இந்திய நடுவண் அரசு 2021 ஜூலையில் வெளியிட்டது. இத்தகைய வண்டிகள் நாள்தோறும் ஓடுவதில்லை. வாரக்கணக்கில் நின்றே இருக்கும் வண்டிக்கு மின்கல வடிதல் முதன்மையான தொல்லையாகும்.

தொடக்க அமைப்பின் உறுப்புகள்

அம்பாசடரின் மின்னமைப்பு 12 வோல்ட்டில் இயங்குகிறது. இதனை மூன்று சுற்றுகளாகப் பிரித்துக் காண்பது கோளாறு தேடுவதை எளிதாக்கும்.

• தொடக்கச் சுற்று: மின்கல அடுக்கு, தடித்த கம்பிவடங்கள், மின்காந்த ஆளி (சொலினாய்டு), 'செல்ஃப்' எனப்படும் தொடக்க மின்னோடி. எந்திரத்தைச் சுழற்றும்போது இச்சுற்றில் 100 முதல் 200 ஆம்பியர் வரை பாயும். சுழலத் தொடங்கும் கணத்தில் இதைவிட மிகுதியாகப் பாயும்.
• மின்னேற்றச் சுற்று: டைனமோ, மின்னழுத்தச் சீராக்கி, கட்-அவுட். பிந்தைய வண்டிகளில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் இருக்கும்.
• எரியூட்டற் சுற்று: எரியூட்டற் சுருள், டிஸ்ட்ரிபியூட்டர், அதனுள் உள்ள தொடுமுனைகள் (பாயிண்ட்), கண்டன்சர், ஸ்பார்க் பிளக்குகள். இச்சுற்றுக்குச் சராசரியாக 3 முதல் 4 ஆம்பியர் போதும்.

மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பாதையாக வண்டியின் உலோக உடலே பயன்படுகிறது. இதனை நிலத்தொடுப்பு (எர்த்) என்பர். எந்திரம் இரப்பர்த் தாங்கிகளின் மீது அமர்ந்திருப்பதால் உடலோடு அதற்கு நேரடி உலோகத் தொடர்பு இல்லை. எனவே எந்திரத்தையும் உடலையும் இணைக்கத் தனியே ஒரு பட்டைக்கம்பி உண்டு. பலரும் கவனிக்காமல் விடும் உறுப்பு இதுவேயாகும்.

1960களின் நடுப்பகுதி வரை பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனையே நிலத்தொடுப்பாக இருந்தது. எனவே மிகப் பழைய வண்டி ஒன்றில் மின்கல அடுக்கை மாற்றுமுன் எந்த முனை உடலோடு இணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்தறிதல் வேண்டும். சிவப்பு, கறுப்பு நிறங்களை மட்டும் நம்புதல் கூடாது.

ஏற்காட்டு மலைச்சூழல்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியான சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரண்டுக்கும் இடையிலான சாலை ஏறத்தாழ 30 கி.மீ. நீளத்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் மேலேறுகிறது. ஏற்காட்டு ஏரியின் மிகைநீர் விழும் கிளியூர் அருவிப் பகுதியும் அதனைச் சூழ்ந்த காப்பித் தோட்டங்களும் மழைக்காலத்தில் மூடுபனியும் ஈரமும் மிகுந்து காணப்படும். இச்சூழல் பழைய தானுந்தை நான்கு வழிகளில் பாதிக்கிறது.

முதலாவது வெப்பநிலை. குளிரில் எந்திர எண்ணெய் தடிப்பதால் எந்திரத்தைச் சுழற்றக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. அதே வேளையில் மின்கல அடுக்கின் வேதிவினை மந்தமாவதால் அது தரும் ஆற்றல் குறைகிறது. எனினும் ஏற்காட்டின் குளிர், நல்ல நிலையிலுள்ள மின்கல அடுக்கைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்குக் கடுமையானதன்று. மின்கல அடுக்கின் தகடுகளை அரிப்பது சமவெளியின் கோடை வெப்பமே. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் ஈய-அமில அடுக்கின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணிப்பு. சேலத்தின் கோடையில் நலிந்த அடுக்கு, ஏற்காட்டின் மார்கழிக் காலையில் தன் நலிவைக் காட்டுகிறது.

இரண்டாவது காற்றழுத்தம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 83 விழுக்காடே இருக்கும். காற்று மெலிவதால் கார்புரேட்டர் தரும் கலவையில் பெட்ரோலின் பங்கு மிகுகிறது. பெட்ரோலின் கொதிநிலையும் சற்றுக் குறைகிறது. மின்கல அடுக்கை இவை பாதிப்பதில்லை. ஆனால் இவற்றால் எந்திரம் பற்றாமற்போகும்போது திரும்பத் திரும்பச் சுழற்றி அடுக்கை வடித்துவிடுவது வழக்கமாக நிகழ்கிறது.

மூன்றாவது ஈரம். மூடுபனியின் நுண்துளிகள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்திலும் உயரழுத்தக் கம்பிகளிலும் படிந்து, தீப்பொறிக்கான மின்சாரத்தை வழியிலேயே கசியச் செய்கின்றன.

நான்காவது மின் வரவுசெலவு. இதனைத் தனியே காண்பது நலம்.

மின் வரவுசெலவு

45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கல அடுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எந்திரத்தை மூன்று நொடிகள் 150 ஆம்பியரில் சுழற்றினால் செலவாவது 150 × 3 ÷ 3,600, அதாவது 0.125 ஆம்பியர்-மணி மட்டுமே. ஒழுங்காகப் பற்றும் எந்திரத்தைத் தொடங்குவதால் அடுக்கு வடிந்துவிடுவதில்லை. ஆனால் பற்றாத எந்திரத்தைப் பத்துப் பத்து நொடிகளாகப் பத்து முறை சுழற்றினால் 4 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும்.

மூடுபனியில் ஓட்டும்போது ஆகும் செலவு இதைவிடப் பெரிது. 45 வாட்டு முகப்பு விளக்குகள் இரண்டும் 7.5 ஆம்பியர், ஏனைய சிறு விளக்குகள் ஏறத்தாழ 2 ஆம்பியர், கண்ணாடித் துடைப்பான் ஏறத்தாழ 3 ஆம்பியர், எரியூட்டல் 3.5 ஆம்பியர் என மொத்தம் 16 ஆம்பியர் தேவைப்படும். அக்கால டைனமோ ஒன்றின் உச்ச வெளியீடு 20 ஆம்பியரை ஒட்டியதே. அதுவும் வேகமாகச் சுழன்றால் மட்டுமே கிடைக்கும். எந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 சுற்றுகளை எட்டும்வரை டைனமோவிலிருந்து பயனுள்ள மின்னேற்றம் கிடைப்பதில்லை.

எரிபொருளைச் சேமிப்பதாக எண்ணி, பல்லிணைப்பை நடுநிலையில் (நியூட்ரல்) வைத்து மலையிறங்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அப்போது எந்திரம் வெற்றுவேகத்தில் இருப்பதால் விளக்குகளுக்கான மின்சாரம் முழுவதும் மின்கல அடுக்கிலிருந்தே செலவாகிறது. அரை மணி நேரத்தில் 8 ஆம்பியர்-மணி, அதாவது அடுக்கின் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரண்டாம் அல்லது மூன்றாம் பல்லிணைப்பில் இறங்கினால் எந்திரமே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் பிரேக்குகள் சூடேறா. டைனமோவும் வேகமாகச் சுழன்று மின்னேற்றம் தரும்.

அறிகுறிகளைக் கொண்டு பிரித்தறிதல்

கருவிகள் ஏதுமின்றிச் செய்யத்தக்க முதற்சோதனை, முகப்பு விளக்குகளை எரியவிட்டுத் தொடக்க மின்னோடியை இயக்கிப் பார்ப்பதாகும்.

• விளக்குகள் மிகவும் மங்கி, எந்திரம் மெதுவாகச் சுழன்றால் அல்லது சுழலாவிட்டால்: அடுக்கு வடிந்திருக்கலாம், முனைகளில் மின்தடை மிகுந்திருக்கலாம், தொடக்க மின்னோடி இறுகியிருக்கலாம்.
• விளக்குகள் மங்காமல் ஒளிர, ஓசை ஏதும் எழாவிட்டால்: தொடக்க மின்னோடிக்கு மின்னோட்டமே செல்லவில்லை. ஆளி, சொலினாய்டு, அவற்றின் கம்பிகள் ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். மின்னோடியின் தூரிகைகள் தேய்ந்திருப்பதும் காரணமாகலாம்.
• 'டக் டக்' என்ற ஓசை விட்டுவிட்டுக் கேட்டால்: சொலினாய்டு இயங்குகிறது, அதனை நிலைநிறுத்தப் போதிய மின்னழுத்தம் இல்லை.
• மின்னோடி மட்டும் 'விர்' எனச் சுழன்று எந்திரம் அசையாவிட்டால்: மின்னோடித் தண்டிலுள்ள சிறு பற்சக்கரம் அழுக்கினால் முன்னேறாமல் ஒட்டிக்கொண்டுள்ளது. இதற்கும் மின்கல அடுக்குக்கும் தொடர்பில்லை.
• எந்திரம் விரைவாகச் சுழன்றும் பற்றாவிட்டால்: தொடக்கச் சுற்று நன்றாக உள்ளது. எரிபொருளையும் தீப்பொறியையும் சோதிக்கவேண்டும்.

பழைய மின்னோடிகளில் சிறு பற்சக்கரம் எந்திரத்தின் பல்வளையத்தில் சிக்கி இறுகிக்கொள்வதும் உண்டு. சமதரையில், எரியூட்டலை நிறுத்தி, உச்சப் பல்லிணைப்பில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் அது விடுபடும். மின்னோடித் தண்டின் வெளிமுனை சதுரமாக இருந்தால் அதனைத் திருகியால் திருப்பியும் விடுவிக்கலாம்.

மின்கல அடுக்கின் நிலையை அளத்தல்

12 வோல்ட் ஈய-அமில அடுக்கில் ஆறு கலங்கள் உள்ளன. மின்னேற்றிய அல்லது ஓட்டிய பின் சில மணி நேரம் ஓய்வாக விட்டு, சுமையேதும் இன்றி அளந்தால், 1.265 ஒப்படர்த்தியுள்ள அமிலம் நிரப்பப்பட்ட அடுக்கு ஒன்று ஏறத்தாழப் பின்வருமாறு காட்டும்.

• முழு மின்னேற்றம்: 12.65 வோல்ட், ஒப்படர்த்தி 1.265
• முக்கால்: 12.45 வோல்ட், 1.225
• பாதி: 12.25 வோல்ட், 1.190
• கால்: 12.05 வோல்ட், 1.155
• வடிந்த நிலை: 11.9 வோல்ட் அல்லது குறைவு, 1.120

இந்தியா போன்ற வெப்பநாடுகளில் தகடுகளின் அரிப்பைக் குறைக்கும்பொருட்டு 1.240 அளவிலான நீர்த்த அமிலம் நிரப்பப்படுவதுண்டு. ஒரு கலத்தின் மின்னழுத்தம் தோராயமாக ஒப்படர்த்தியுடன் 0.84 ஐக் கூட்டினால் கிடைக்கும். எனவே இத்தகைய அடுக்கு முழுமையாக மின்னேற்றப்பட்ட நிலையிலும் 6 × 2.08, அதாவது ஏறத்தாழ 12.5 வோல்ட்டே காட்டும். வெளிநாட்டு அட்டவணையை வைத்துக்கொண்டு நல்ல அடுக்கைப் பழுதென ஒதுக்குவது இதனால் நேரக்கூடும்.

நீர்மமானியால் ஆறு கலங்களையும் தனித்தனியே அளப்பது மின்னழுத்தம் ஒன்றை மட்டும் அளப்பதைவிடத் தெளிவான விடை தரும். ஆறும் ஒரே அளவில் குறைந்திருந்தால் அடுக்கு வெறுமனே வடிந்துள்ளது, மின்னேற்றினால் போதும். ஒரு கலம் மட்டும் ஏனையவற்றைவிட 0.050 அல்லது அதற்கு மேல் குறைந்திருந்து, மின்னேற்றிய பின்னும் உயராவிட்டால் அக்கலம் பழுதடைந்துள்ளது. வாலைவடிநீர் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றிய உடனே அளத்தல் கூடாது. நீர் அமிலத்துடன் கலக்க மின்னேற்றமும் நேரமும் தேவை.

அடுத்து, எந்திரத்தைச் சுழற்றும்போது அடுக்கின் முனைகளிலுள்ள மின்னழுத்தத்தை அளக்கவேண்டும். எந்திரம் பற்றாதிருக்க, எரியூட்டற் சுருளின் நடுக்கம்பியைக் கழற்றி நிலத்தொடுப்பில் இணைத்துவிடலாம். முழுமையாக மின்னேற்றிய அடுக்கு சுழற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அடுக்கு நலிந்துள்ளது அல்லது மின்னோடி அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்கிறது.

மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை

அடுக்கின் முனைகளில் 10.5 வோல்ட் இருந்தும் எந்திரம் சோர்ந்து சுழல்கிறதெனில், அம்மின்னழுத்தம் மின்னோடியை அடையவில்லை என்பது பொருள். இதனை ஓமின் விதியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஓரிணைப்பில் 0.02 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். 4 ஆம்பியர் பாயும் எரியூட்டற் சுற்றில் இதனால் இழக்கப்படுவது 0.08 வோல்ட் மட்டுமே. 150 ஆம்பியர் பாயவேண்டிய தொடக்கச் சுற்றிலோ இழப்பு 3 வோல்ட்டாகிறது. 3 வோல்ட், 150 ஆம்பியர் என்பது 450 வாட்டு வெப்பமாகும். விளக்குகள் நன்றாக எரிவதும் செல்ஃப் எடுக்காமல் இருப்பதும் ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் நிகழ்வதன் விளக்கம் இதுவே. சாதாரண மின்தடைமானியால் 0.02 ஓம் அளவைத் துல்லியமாக அளக்க இயலாது. மின்னோட்டம் பாயும்போது மின்னழுத்த வீழ்ச்சியை அளப்பதே வழி.

வோல்ட்டுமானியைக் கீழ்க்காணும் புள்ளிகளுக்கு இடையே வைத்து, ஒருவர் எந்திரத்தைச் சுழற்ற, மற்றொருவர் அளவைக் குறிக்கவேண்டும்.

• அடுக்கின் உயிர்முனையிலிருந்து மின்னோடியின் முனை வரை: 0.5 வோல்ட்டுக்கு மேற்படலாகாது.
• அடுக்கின் நிலத்தொடுப்பு முனையிலிருந்து மின்னோடியின் உலோக உடல் வரை: 0.3 வோல்ட்டுக்கு மேற்படலாகாது.
• சொலினாய்டின் இரு தடித்த முனைகளுக்கிடையே: 0.2 வோல்ட்டுக்கு மேற்படலாகாது.

அளவு மிகுந்தால், அதே பாதையை இரண்டிரண்டு புள்ளிகளாகச் சுருக்கிக்கொண்டே சென்று இழப்பு எங்கே நிகழ்கிறது என அறியலாம். வழக்கமான குற்றவாளிகள் மூன்று. முதலாவது, வெண்மையும் பச்சையுமாகப் பூத்துப்போன முனைகள். வெளியே பளிச்சென்று தோன்றும் முனையிலும் கவ்விக்கும் ஈயத்தூணுக்கும் இடையே பூப்பு இருக்கலாம். இரண்டாவது, உறைக்குள் அரித்துப்போன கம்பிவடம். மூன்றாவது, எந்திரத்துக்கும் உடலுக்கும் இடையிலான பட்டைக்கம்பி அறுந்திருத்தல் அல்லது அதன் திருகாணி வண்ணப்பூச்சின் மீது இருத்தல். பட்டைக்கம்பி அறுந்த வண்டியில் மின்னோட்டம் சோக் கம்பி, முடுக்கிக் கம்பி போன்றவற்றின் வழியே திரும்ப முயலும். செல்ஃப் அடித்தவுடன் சோக் கம்பி சுடுமாயின் வேறு சோதனை தேவையில்லை.

மின்னேற்றச் சோதனை

எந்திரத்தை மிதமான வேகத்தில் ஓடவிட்டு அடுக்கின் முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டவேண்டும். 13 வோல்ட்டுக்குக் குறைவெனில் மின்னேற்றம் போதவில்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் சீராக்கி தவறியுள்ளது. அமிலத்திலுள்ள நீர் விரைவாக வற்றுவது இதன் அறிகுறி.

முகப்புப் பலகையிலுள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டது என்பது, டைனமோவின் மின்னழுத்தம் அடுக்கின் மின்னழுத்தத்தை ஒட்டி வந்துவிட்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. போதுமான மின்னோட்டம் செல்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

டைனமோவைத் தனியே சோதிக்க, முதலில் அதன் வார்ப்பட்டையைப் பார்க்கவேண்டும். நீண்ட இடைவெளியின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறத்தாழ 12 மி.மீ. வளைதல் சரியான அளவு. பின்னர் டைனமோவின் இரு கம்பிகளையும் கழற்றி, அதன் டி, எஃப் முனைகளை ஒரு துண்டுக்கம்பியால் இணைத்து, அதற்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே வோல்ட்டுமானியை வைக்கவேண்டும். எந்திர வேகத்தை மெதுவாகக் கூட்டும்போது மின்னழுத்தம் தடையின்றி விரைவாக உயர்ந்தால் டைனமோ நன்றாக உள்ளது. கோளாறு சீராக்கியிலோ இடைக்கம்பிகளிலோ இருக்கிறது. 20 வோல்ட்டைத் தாண்டும்வரை எந்திரத்தை முடுக்குதல் கூடாது. இச்சோதனை ஆல்டர்னேட்டருக்குப் பொருந்தாது.

எந்திரம் ஓடும்போது அடுக்கின் ஒரு முனையைக் கழற்றி, எந்திரம் நிற்கிறதா எனப் பார்த்து மின்னேற்றத்தைச் சோதிக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. இது தவறான முறையாகும். அடுக்கு விலகியதும் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து ஆல்டர்னேட்டரின் இருமுனையங்களையும் பிற மின்னணு உறுப்புகளையும் அழிக்கக்கூடும். முனையில் எழும் தீப்பொறி, அடுக்கைச் சூழ்ந்துள்ள ஐதரசனைப் பற்றவைக்கவும் கூடும்.

நின்ற நிலையில் வடிதல்

எல்லாம் நிறுத்தப்பட்ட பழைய தானுந்தில் மின்னோட்டம் ஏறத்தாழச் சுழியாக இருக்கவேண்டும். மின்கடிகாரம் பொருத்தப்பட்டிருந்தால் சில மில்லி ஆம்பியர் பாயலாம். இக்காலத் தானுந்துகளில் கணினிகள் உள்ளதால் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பெனக் கொள்ளப்படுகிறது. பழைய வண்டிக்கு இவ்வளவு மிகுதி.

அணையாமல் விட்ட 5 வாட்டு விளக்கு ஒன்று 0.42 ஆம்பியரை இழுக்கும். 45 ஆம்பியர்-மணி அடுக்கு இரண்டு நாள் சற்றுக் கடந்ததும் பாதியாகி, நான்கரை நாட்களில் முற்றாக வடிந்துவிடும். ஒரு வாரம் நிற்கும் வண்டிக்கு ஒரு சிறு விளக்கே போதுமான பகையாகும்.

கசிவைக் கண்டறியும் முறை:

1. எல்லா ஆளிகளையும் நிறுத்தி, கதவுகளை மூடி, அடுக்கின் நிலத்தொடுப்புக் கம்பியைக் கழற்றவேண்டும்.
2. கழற்றிய கம்பிக்கும் முனைக்கும் இடையே முதலில் ஒரு 12 வோல்ட் சிறுவிளக்கை இணைக்கவேண்டும். அது பளிச்சென எரிந்தால் கசிவு பெரிது. பன்னளவியை உடனே இணைத்தால் அதன் உருகி எரிந்துவிடும்.
3. விளக்கு எரியாவிட்டால் அதே இடத்தில் பன்னளவியை 10 ஆம்பியர் அளவில் வைத்து அளக்கவேண்டும். இந்நிலையில் செல்ஃப் அடித்தல் கூடாது.
4. உருகிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுத்ததும் மின்னோட்டம் குறைகிறது எனக் காணவேண்டும். பழைய வண்டிகளில் இரண்டே உருகிகள் இருப்பதும், பல சுற்றுகள் உருகியின்றி இருப்பதும் இயல்பு. எனவே உருகிகளில் விடை கிடைக்காவிட்டால் டைனமோ, ஆளி ஆகியவற்றின் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

டைனமோ வண்டிகளுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. எந்திரம் நின்றதும் டைனமோவை மின்கல அடுக்கிலிருந்து பிரிப்பது கட்-அவுட்டின் வேலையாகும். அதன் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், அடுக்கு டைனமோவின் வழியே பெருமளவில் வடியும். நிறுத்திய வண்டியில் டைனமோ சூடாவதும் எரிந்த அரக்கின் மணம் வருவதும் இதன் அறிகுறிகள். இது தீவிபத்துக்கு வழிவகுக்கும் என்பதால் உடனே அடுக்கின் இணைப்பைத் துண்டிக்கவேண்டும். ஆல்டர்னேட்டர் வண்டிகளில் இருமுனையம் ஒன்று பழுதடைவதால் இதே போன்ற கசிவு ஏற்படும்.

அடுக்கின் மேற்பரப்பில் படிந்த அமிலமும் தூசியும்கூடக் கசிவுப் பாதையாகலாம். வோல்ட்டுமானியின் ஒரு முனையை அடுக்கின் முனையிலும் மறுமுனையை மேற்பரப்பிலும் வைத்தால் அளவு காட்டுமாயின் துப்புரவு தேவை. கலமூடிகளை இறுக மூடி, ஆப்பச்சோடாக் கரைசலால் துடைத்து, நீரால் கழுவி உலர்த்தலாம். கரைசல் கலத்துக்குள் சென்றால் அமிலம் கெடும்.

எந்திரம் சுழன்றும் பற்றாத நிலை

மலையேறி வந்து நிறுத்திய வண்டி, அரை மணி நேரத்தில் மீண்டும் தொடங்க மறுப்பது பழைய தானுந்துகளில் பரவலாகக் காணப்படும் தொல்லையாகும். நின்ற எந்திரத்தில் குளிர்நீரோட்டமும் காற்றோட்டமும் இல்லாததால் பெட்ரோல் எக்கியும் கார்புரேட்டரும் முன்னைவிடச் சூடாகின்றன. குழாயில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைப்படுவது ஆவியடைப்பு எனப்படும். எக்கியின் மீது ஈரத்துணி சுற்றுவது ஓட்டுநர்கள் அறிந்த தீர்வு. ஆவி குளிர்ந்து நீர்மமாவதால் அது பயனளிக்கிறது. பொறுமையாகக் காத்திருப்பதும் அதே பயனைத் தரும். இவ்வேளையில் சோக்கை இழுத்தல் கூடாது. உயரத்தால் ஏற்கனவே மிகுந்துள்ள பெட்ரோல் மேலும் மிகுந்து ஸ்பார்க் பிளக்குகள் நனைந்துவிடும்.

மூடுபனிக் காலையில் பற்றாத வண்டிக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தையும் கம்பிகளையும் உலர்ந்த துணியால் துடைப்பதே முதல் வேலையாகும். பி.எம்.சி. எந்திரத்தில் தொடுமுனை இடைவெளி ஏறத்தாழ 0.4 மி.மீ. அளவிலும், பிளக் இடைவெளி ஏறத்தாழ 0.6 மி.மீ. அளவிலும் இருத்தல் வேண்டும்.

செல்ஃப் சாவியை விடும் கணத்தில் மட்டும் எந்திரம் பற்றுவது மற்றொரு அறிகுறி. சுழற்றும்போது மின்னழுத்தம் மிகவும் தாழ்வதால் தீப்பொறி நலிகிறது. சாவியை விட்டதும் மின்னழுத்தம் உயர்ந்து தீப்பொறி வலுப்பெறுகிறது. இது எரியூட்டற் கோளாறுபோலத் தோன்றினும் தேடவேண்டிய இடம் தொடக்கச் சுற்றேயாகும்.

தள்ளித் தொடங்குதலும் கைப்பிடியால் சுழற்றுதலும்

மலையூர்களில் வண்டியைச் சரிவு நோக்கி நிறுத்திவைத்து, காலையில் உருளவிட்டு இரண்டாம் பல்லிணைப்பில் தொடங்குவது வழக்கம். இம்முறை தொடக்க மின்னோடிக்கு மட்டுமே மாற்றாகும். எரியூட்டலுக்கான மின்சாரம் அடுக்கில் எஞ்சியிருந்தால் எளிதில் பயன்படும். முற்றிலும் வடிந்த அடுக்குள்ள வண்டியைத் தள்ளித் தொடங்குவது கடினம்.

கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் இம்முறை ஆபத்தானது. எந்திரம் பற்றாமல் வண்டி வேகம் பிடித்தால் எந்திரத்தின் கட்டுப்பாடு இல்லை. உதவிவிசை பிரேக்கு பொருத்திய வண்டிகளில் எந்திரம் நின்ற நிலையில் பிரேக்கு மிகவும் கடினமாகும். அடுக்கு வடிந்திருந்தால் ஊதொலியும் விளக்கும் செயற்படா. எந்திரம் பற்றாத வண்டியை அடிவாரம் வரை உருட்டிச் செல்லலாம் என எண்ணுதல் உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

தொடக்கக் கைப்பிடி உள்ள வண்டிகளில் அதனைப் பயன்படுத்தும்போது பல்லிணைப்பு நடுநிலையிலும் கைப்பிரேக்கு இழுத்தும் இருத்தல் வேண்டும். பெருவிரலை ஏனைய விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேலாக இழுக்கவேண்டும். எந்திரம் பின்னோக்கி உதைத்தால் கைப்பிடியைச் சுற்றி வளைத்த பெருவிரலும் மணிக்கட்டும் முறியக்கூடும்.

முன்னெச்சரிக்கைகள்

• மின்னேற்றத்தின்போது அடுக்கிலிருந்து ஐதரசன் வெளியேறுகிறது. காற்றில் 4 விழுக்காடு இருந்தாலே அது தீப்பற்றும். அருகில் புகைத்தலும் தீக்குச்சி வெளிச்சத்தில் அமில மட்டம் பார்த்தலும் கூடாது.
• கழற்றும்போது நிலத்தொடுப்பு முனையை முதலிலும், மாட்டும்போது அதனை இறுதியிலும் கையாளவேண்டும். இதனால் திருகி உடலில் பட்டாலும் குறுஞ்சுற்று நேராது.
• மோதிரம், உலோகக் கைக்கடிகாரப் பட்டை ஆகியவற்றைக் கழற்றிவிடவேண்டும்.
• வேறொரு வண்டியின் அடுக்கைக் கொண்டு தொடங்கும்போது இரண்டும் 12 வோல்ட்டா, இரண்டிலும் ஒரே முனை நிலத்தொடுப்பா என உறுதி செய்யவேண்டும். நிலத்தொடுப்பு வேறுபட்டால் இரு வண்டிகளின் உடல்களும் ஒன்றையொன்று தொடலாகாது. கடைசி இணைப்பை வடிந்த அடுக்கின் முனையில் கொடாமல், எந்திரத்தின் உலோகப் பகுதியில் கொடுக்கவேண்டும்.
• அமிலம் உடலில் பட்டால் உடனே மிகுதியான நீரால் கழுவவேண்டும். கண்ணில் பட்டால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவ உதவி நாடவேண்டும்.
• நீண்டநாள் நிற்கும் வண்டியின் நிலத்தொடுப்புக் கம்பியைக் கழற்றி வைக்கலாம். ஆயினும் அடுக்கு தானாகவும் சிறிது சிறிதாக வடியும் என்பதால் மாதம் ஒருமுறை மின்னேற்றுதல் நலம். வடிந்த நிலையிலேயே விடப்பட்ட அடுக்கின் தகடுகளில் ஈய சல்ஃபேட்டு கெட்டிப்படிகமாக இறுகி, பின்னர் மின்னேற்றத்தை ஏற்காமற்போகும்.

இவற்றையும் பார்க்கவும்

• அம்பாசடர் தானுந்து
• ஈய-அமில மின்கலம்
• ஓமின் விதி
• கார்புரேட்டர்
• ஏற்காடு
• கிளியூர் அருவி